இருபத்தேழாம் நம்பர் எறும்புகள்

பேருந்துப் பணிமனையின் மாடியில், டயர் குடோனுக்கு நேர் மேலே இருந்த அறையில்தான் அவருக்கு வேலை. எந்தப் பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்பி எந்தத் தெரு வழியாக எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று தீர்மானிப்பது அவர்தான். சுவர் முழுக்க நகரத்தின் வரைபடம். ஒவ்வொரு வழித்தடத்துக்கும் ஒரு நிறத்தில் நூல் இழுத்து, குண்டூசி குத்தி வைத்திருந்தார். மொத்தம் நாற்பத்திரண்டு தடங்கள். கடையில் அத்தனை நிறத்தில் நூல் கிடைக்காததால் பச்சையில் மட்டும் ஏழு வகை. அந்த ஏழையும் பிரித்துச் சொல்லும் கண் பணிமனையிலேயே அவர் ஒருவருக்குத்தான் வாய்த்திருந்தது.

யார் எதைக் கேட்டாலும் "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அதனால் அவர் நிமிஷம் சார். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது, அவ்வளவுதான். ஒருமுறை வீட்டுக்கு வந்த கல்யாணப் பத்திரிகையிலேயே 'திரு. நிமிஷம் அவர்கள், குடும்பத்துடன்' என்று எழுதியிருந்தது. அவர் மனைவி அதை ஒரு மாதம் அலமாரிக் கண்ணாடியில் ஒட்டி வைத்துச் சிரித்தாள்.

நல்ல மனிதர். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு துக்கம்தான் இருந்தது. அதன் பெயர் இருபத்தேழு.

இருபத்தேழாம் நம்பர் பேருந்து ரயில் நிலையத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது. பத்து நிமிடத்துக்கு ஒன்று வர வேண்டும். ஆனால் அரை மணி நேரம் ஒன்றும் வராது. பிறகு மூன்று வண்டிகள், ஏதோ சேர்ந்து சினிமாவுக்குப் போகிற சிநேகிதர்களைப் போல, ஒன்றின் பின் ஒன்றாக வந்து நிற்கும். முதல் வண்டியில் மூச்சு விட இடம் இருக்காது. மூன்றாவதில் டிரைவரும் கண்டக்டரும் மட்டும் இருப்பார்கள். நிமிஷம் சார் இருபத்தாறு வருடங்களாக இந்த ஒரு நூலைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார். குண்டூசி குத்திக் குத்தி ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் வரைபடமே சல்லடையாகிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்து பென்சில் எடுத்தார், நிமிர முடியவில்லை. ஒரு வாரம் வீட்டுக்கூடத்துச் சோபாவில் படுத்தே கிடக்கும்படி ஆயிற்று. அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். காலையில் வலிக்குத் தைலமும் மாத்திரையும் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். வீட்டில் அவரும் மாமியாரும்தான்.

மாமியார் கையில் ரிமோட் இருந்தது. அது எப்போதும் அவர் கையில்தான் இருக்கும், தூங்கும்போதும். நாள் முழுக்க விலங்குகள் நிகழ்ச்சி பார்ப்பார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஓசை அதிகம். முதல் நாள் நிமிஷம் சாருக்குச் சிங்கம் காதருகே கர்ஜித்தது. இரண்டாம் நாள் திமிங்கலம் அவர் மேலேயே மூச்சு விட்டது. மூன்றாம் நாள் எறும்பு வந்தது.

எறும்பைப் பார்த்ததும் நிமிஷம் சார் இடுப்பை மறந்து எழுந்து உட்கார்ந்தார். லட்சம் எறும்புகள் ஒரே தடத்தில் போய்வந்துகொண்டிருந்தன. முட்டல் இல்லை, மோதல் இல்லை, நெரிசல் இல்லை. மேலதிகாரி இல்லை. டைம்டேபிள் இல்லவே இல்லை. முன்னால் போன எறும்பு விட்டுச்சென்ற வாசனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும் எறும்பு போகிறது, அவ்வளவுதான் விஷயம்.

"அத்தை, இதப் பாத்தீங்களா?" என்று கத்தினார்.

"பாத்துக்கிட்டுதானே இருக்கேன்."

"மனுஷன் இதைப் பாத்து நடந்தா உலகமே திருந்திடும் அத்தை. எல்லாத்துக்கும் இயற்கையில விடை இருக்கு. நாமதான் ஆபீசு, ஃபைலுன்னு கெடுத்து வச்சிருக்கோம்."

"அதுங்க ஒண்ணை ஒண்ணு தின்னுதுங்க மாப்பிள்ளை. போன வாரம் காமிச்சானே."

நிமிஷம் சார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாத்திரை மயக்கத்தில் நிகழ்ச்சி பாதி ஓடும்போதே கண்ணயர்ந்துவிட்டார். ஆனால் எழுந்தபோது புது மனிதராக எழுந்தார்.

முதல் சோதனை வீட்டில் நடந்தது. அன்று சாயங்காலமே மனைவியை உட்கார வைத்து விளக்கினார். இனி இந்த வீட்டில் யாரும் யாருக்கும் வேலை சொல்ல வேண்டியதில்லை. எறும்புப் புற்றில் யார் யாருக்கு உத்தரவு போடுகிறார்கள்? கண்ணில் படுகிற வேலையை, பட்டவர் செய்துவிட வேண்டியதுதான்.

மனைவி நிதானமாகக் கேட்டாள். "சரிங்க. அப்படியே செய்வோம்."

மூன்று நாள் அப்படியே செய்தார்கள். கழுவாத பாத்திரங்கள் யார் கண்ணிலும் படவில்லை. நான்காம் நாள் காலையில் வீட்டில் மிச்சமிருந்த ஒரே சுத்தமான பாத்திரம் பூவாளி. நிமிஷம் சார் அதில் டீ குடித்தார்.

"எறும்பு சரியா வரல போல," என்றாள் மனைவி. "தேனீயை வச்சுப் பாக்கலாமா? ராணித்தேனீ ஒரு வேலையும் செய்யாதாம். மத்ததெல்லாம் ஓடி ஓடிச் செய்யுமாம்."

"அது நல்லா இருக்காது."

"ஆண் தேனீய, குளிர் வந்தா கூட்ட விட்டு வெளிய தள்ளிடுமாம்."

"இங்க பாரு, எல்லா உயிரையும் அப்படியே எடுத்துக்க முடியாது. நமக்கு எது பொருந்துமோ அதைத்தான்..."

"அப்ப கடல்குதிரை. அதுல ஆம்பளைதான் புள்ளை சுமக்குதாம். நமக்கு அது முடிஞ்சு போச்சு, பரவாயில்லை. பாத்திரத்துல இருந்து ஆரம்பிங்க."

நிமிஷம் சார் பாத்திரம் கழுவினார். கழுவும்போதே யோசித்தார். வீடு சின்ன இடம். நாலு சுவருக்குள் இயற்கை எப்படி வேலை செய்யும்? அதற்கு விசாலம் வேண்டும். ஒரு நகரம் வேண்டும்.

இடுப்பு சரியாகி வேலைக்குத் திரும்பிய முதல் நாளே அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டார். பழைய வரைபடம் ஒன்றை மேசையில் விரித்தார். இருபத்தேழாம் நம்பர் போகிற பகுதிகளில், ஜனம் அதிகம் இருக்கும் இடத்தில் அதிகமாகவும் குறைவாக இருக்கும் இடத்தில் குறைவாகவும் சர்க்கரை வைத்தார். ரயில் நிலையத்துக்கு ஒரு கரண்டி. ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை. கடைத்தெருவுக்கு முக்கால். பிறகு நாற்காலியில் சாய்ந்து காத்திருந்தார். ஜன்னல் ஓரத்தில் எப்போதும் ஓடுகிற எறும்புக் கூட்டம் ஒன்று இருந்தது. ஒரு மணி நேரத்தில் அது மேசைக்காலைக் கண்டுபிடித்துவிட்டது.

மதியம் கதவைத் தட்டிய கண்டக்டரம்மா அசந்து நின்றார். இருபத்தேழில் பதினைந்து வருடமாகச் சீட்டு கிழிக்கிறவர். கட்டையான உருவம், கணீரென்ற குரல். ஓடுகிற பேருந்தில் எதையும் பிடிக்காமல் நிற்பார்.

"என்ன சார் இது, மேசை பூரா எறும்பு? துடைச்சு விடட்டுமா?"

"தொடாதீங்க! அது புது ரூட்டு போடுது."

எறும்புகள் உண்மையிலேயே ஒரு தடம் போட்டிருந்தன. ரயில் நிலையத்தில் ஏறி, கடைத்தெருவைத் தொட்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு கிளை போயிருந்தது. ஆனால் பெரும்பாலான எறும்புகள் ஊரின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் மயானத்தில் போய்க் குவிந்திருந்தன. அங்கே அவர் ஒரு மணி சர்க்கரைகூட வைக்கவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் நிமிஷம் சார். "இருபத்தாறு வருஷமா எனக்குத் தோணல. மயானத்துக்கு நாம பஸ்சே விடலையே! ஜனங்க எப்படிப் போவாங்க?"

கண்டக்டரம்மா குனிந்து பார்த்தார். "சார், இது டீக்கறை. போன வருஷம் மேனேஜர் க்ளாசை இது மேல கவுத்துட்டாரே, ஞாபகம் இல்ல? அவரு நாலு கரண்டி சர்க்கரை போடுற ஆளு."

"காரணம் எதுவா இருந்தா என்ன? இயற்கைக்கு ஏதோ கணக்கு இருக்கும்."

நிமிஷம் சார் அந்த வரைபடத்தோடு மேனேஜரிடம் போனார். மேனேஜர் மறுப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அன்றைக்குத்தான் தலைமை அலுவலகத்துக்குப் 'புதுமைத் திட்டம்' ஒன்று அனுப்பக் கடைசி நாள். மேனேஜரிடம் ஒரு புதுமையும் இல்லை. அவர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மயானத்துக்கா?"

"ஆமா சார்."

"எல்லாரும் ஒரு நாள் போக வேண்டிய இடம்தான்," என்று கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு நாள் சோதனை. இருபத்தேழாம் நம்பர் வண்டிகள் ஆறு மட்டும்.

வியாழக்கிழமை காலை ஆறு டிரைவர்களையும் நிறுத்திவைத்து நிமிஷம் சார் விதியைச் சொன்னார். டைம்டேபிள் கிடையாது. கிளம்புகிற முதல் வண்டி மட்டும் புதுத் தடத்தில் போகும். மற்ற எல்லோருக்கும் ஒரே விதி: முன்னால் போகிற இருபத்தேழு எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அந்தப் பக்கமே திரும்ப வேண்டும். முன்னால் இருபத்தேழு கண்ணில் தெரிந்தால் சொந்த புத்தியை உபயோகிக்கக் கூடாது.

"இது எனக்குப் பழக்கம்தான் சார்," என்றார் முதல் வண்டி டிரைவர். அவரைப் பெரியண்ணன் என்பார்கள். மலை மாதிரி ஆள், சொன்ன சொல்லைத் தட்டத் தெரியாதவர்.

நிமிஷம் சார் நோட்டுப் புத்தகத்தோடு முதல் வண்டியில் ஏறிக்கொண்டார். கண்டக்டரம்மாவும் அதே வண்டி. கடைத்தெரு வரை எல்லாம் எண்ணெய் விட்ட மாதிரி ஓடியது. வழி மாறுகிறது என்று கண்டக்டரம்மா அறிவித்ததும் சிலர் முணுமுணுத்தார்கள். சுவர்க் கடிகாரம் ஒன்றைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்த ஒரு அம்மாள் மட்டும், "மயானத்துல எனக்கு இப்ப வேலை இல்லையே," என்றார்.

மயானத்தைச் சுற்றி வட்டமாக ஒரு சாலை. மேற்கே நுழைந்து, பாதி சுற்றி, கிழக்கே வெளியேறி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெரியண்ணன் நுழைந்தார், பாதி சுற்றினார். கிழக்கு வழியில் குடிநீர்க் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டி, மண்ணைக் குவித்து வைத்திருந்தார்கள். சரி, ஒரு சுற்று சுற்றி வந்த வழியே போய்விடலாம் என்று வண்டியை ஓட்டினார். அதற்குள் இரண்டாவது வண்டி வட்டத்துக்குள் நுழைந்து அவர் பின்னால் சேர்ந்துகொண்டது. பிறகு மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. பெரியண்ணன் வெளியேறும் இடத்துக்கு வரும்போது ஆறாவது வண்டி உள்ளே நுழைந்து அவருக்கு முன்னால் போனது. அதன் முதுகில் பெரிதாக எழுதியிருந்தது: 27.

முன்னால் இருபத்தேழு. பெரியண்ணன் அதன் பின்னால் திரும்பினார்.

ஆறு பேருந்துகளும் மயானத்தைச் சுற்ற ஆரம்பித்தன. முதல் இரண்டு சுற்று நிமிஷம் சாருக்குப் பரமானந்தம். "ஒரே இடைவெளி! நெரிசலே இல்ல பாருங்க!" என்று நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். மூன்றாவது சுற்றில் வட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் சுற்றுகிற வண்டிகளின் பயணிகளுக்கும் இந்த வண்டிப் பயணிகளுக்கும் முகப் பழக்கம் ஏற்பட்டுவிட்டது. கையசைத்தார்கள். ஐந்தாவது சுற்றில் ஒரு பெரியவர் ஜன்னல் வழியாகத் தன் ஒன்றுவிட்ட தங்கையைப் பார்த்துவிட்டார். இருவருக்கும் எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். ஏழாவது சுற்றில் அவர், "என்னம்மா, நல்லா இருக்கியா?" என்று கத்தினார். அந்த அம்மா பதில் சொல்வதற்குள் வளைவு வந்துவிட்டதால், எட்டாவது சுற்றில்தான் பதில் கிடைத்தது.

"அண்ணே, வெளிய போங்க!" என்று கண்டக்டரம்மா பெரியண்ணனைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"முன்னால இருபத்தேழு போகுதும்மா. ரூல்னா ரூல்."

"அந்த இருபத்தேழு நம்மளப் பாத்துதான் போகுது!"

"அது அவரு பிரச்சினை."

ஒன்பதாவது சுற்றில் கண்டக்டரம்மா பொறுமை இழந்தார். வண்டி வளைவில் மெதுவானதும் குதித்து, நடுச்சாலையில் போய் நின்று கையை உயர்த்தினார். "நிறுத்துங்கடா எல்லாரும்!" என்ற அந்தக் குரலுக்கு ஆறு வண்டிகளும் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. மயானக் காவலாளியும் எழுந்து நின்றார்.

நிமிஷம் சார் இறங்கி ஓடி வந்தார். "ஏம்மா நிறுத்தினீங்க? தானா சரியாகும். எறும்பு..."

"எறும்புக்குக் கண்டக்டர் இல்ல சார். நமக்கு இருக்கு."

சரியாக அந்த நேரத்தில்தான் மேற்கு வழியாக ஒரு சவ ஊர்வலம் வந்தது. ஊர்வலம் என்று சொல்வதே அதிகம், மொத்தம் ஏழு பேர். இறந்தவர் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் தெருவுக்குத் தெரு சண்டை போட்டவர். உறவுகள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. முன்னால் வந்த அவர் மகன், ஒல்லியான மனிதர், தலை குனிந்து நடந்துகொண்டிருந்தார். நிமிர்ந்தார். மயானத்தைச் சுற்றி ஆறு பேருந்துகள், ஜன்னல் தவறாமல் முகங்கள்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். "அப்பாவுக்கா? இத்தனை பேரா?" என்றவர் உடைந்து அழுதார்.

முதலில் இறங்கியவர் கடிகாரக்கார அம்மாள்தான். கடிகாரத்தை நிமிஷம் சார் கையில் கொடுத்தார். "இதைப் பிடிங்க. புள்ள அழுதுட்டு நிக்குது," என்று போய் அந்த மகனின் பக்கத்தில் நின்றுகொண்டார். அவர் பின்னால் பெரியவர். பிறகு அவருடைய ஒன்றுவிட்ட தங்கை. பிறகு ஆறு வண்டியிலிருந்தும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் போக வேண்டியவர்களை மட்டும் கண்டக்டரம்மா பிரித்து, ஒரே வண்டியில் ஏற்றி, மேற்கு வழியாக அனுப்பினார். மீதி இருநூறு பேரும் கடைசிவரை நின்றார்கள். பெரியண்ணன் தோள் கொடுத்தார். இறந்தவரைத் தெரியாதவர்கள் "நல்ல மனுஷன்" என்றார்கள். அவரைத் தெரிந்த ஏழு பேரும் மறுக்கவில்லை.

சாயங்காலம் வீட்டில் நிமிஷம் சார் நடந்ததையெல்லாம் சொன்னார். மனைவி சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். மாமியார் சிரிக்கவில்லை.

"அது அப்படித்தான் மாப்பிள்ளை ஆகும். நீங்க அன்னிக்குப் பாதியில தூங்கிட்டீங்க. ரெண்டாவது பாதியில வந்துச்சே. ஒரு ஜாதி எறும்பு இருக்காம், வழி தப்பிடுச்சுன்னா ஒண்ணு பின்னால ஒண்ணு போய், வட்டம் கட்டி, சாகிற வரைக்கும் சுத்துமாம்."

"என்னை எழுப்பியிருக்கலாமே அத்தை?" என்றார் நிமிஷம் சார்.

"ஆனா அடிபட்ட எறும்பைத் தூக்கிட்டுப் போய் வைத்தியம் பாக்குற ஜாதியும் இருக்காம்," என்றார் மாமியார். "அதையும் காமிச்சான். எதைத்தான் அதுங்க செய்யல? எதை வேணும்னாலும் எடுத்துக்கலாம். எடுக்கிறது நீங்கதானே."

மறுவாரம் விசாரணை வந்தது. நிமிஷம் சார் நான்கு பக்கத்தில் விளக்கக் கடிதம் எழுதினார். மேனேஜர் அதைப் படித்துவிட்டு, 'வாசனை' என்ற சொல் வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிடச் சொன்னார். நிச்சயம் பதவி இறக்கம் என்று பணிமனையில் பேசிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் இறந்தவரின் மகன் நிமிஷம் சாரைத் தேடி மாடிக்கு வந்தார். ஆறு பேருந்து அனுப்பியதற்கு நன்றி சொல்ல வந்திருந்தார்.

நிமிஷம் சாருக்குப் பொய் சொல்ல வராது. "தம்பி, நான் அனுப்பல. அது எறும்பு பண்ண வேலை," என்றார்.

"அவரு எந்த செக்‌ஷன் சார்?"

"யாரு?"

"எறும்பு சார்."

நிமிஷம் சார் விளக்க முயன்றார். முடியவில்லை. அந்த மகன் அங்கேயே உட்கார்ந்து நன்றிக் கடிதம் ஒன்று எழுதினார். 'நிர்வாகத்துக்கும், நிமிஷம் அவர்களுக்கும், முகம் காட்டாமல் உதவிய உயர்திரு எறும்பு அவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டுள்ளது.' அந்தக் கடிதம் தலைமை அலுவலகம் வரை போயிற்று. பொதுமக்களிடமிருந்து நன்றிக் கடிதம் வருவது அங்கே பல வருடங்களாக நடக்காத சங்கதி. நிமிஷம் சாரை எச்சரித்துவிட்டு விசாரணையை முடித்துக்கொண்டார்கள். எறும்பு என்ற ஊழியரின் பணிப்பதிவேட்டை அனுப்பும்படி மட்டும் இரண்டு முறை நினைவூட்டல் வந்தது.

இருபத்தேழு என்ன ஆயிற்று? அது பழையபடி மூன்று மூன்றாக வந்தது. நிமிஷம் சார் ஒருநாள் வெட்கத்தை விட்டு, கண்டக்டரம்மாவிடமே கேட்டார்.

"பின்னால வர வண்டி கண்ணுக்குத் தெரியிற வரைக்கும் கடைத்தெருவுல முன்வண்டி நிக்கணும் சார். நெருங்கி வந்துட்டா முன்வண்டி போகணும், பின்வண்டி அஞ்சு நிமிஷமாவது நிக்கணும். ஒருத்தர் போனா ஒருத்தர் காத்திருக்கணும், அவ்வளவுதான்."

நிமிஷம் சார் நோட்டைத் திறந்தார். "இது எந்த உயிரினத்தோட முறை?"

"எங்க வீட்டு முறை சார். ஆளு ஏழு, குளியலறை ஒண்ணு."

அதை அப்படியே அமல்படுத்தினார்கள். முழுதாகச் சரியாகவில்லை, ஆனால் மூன்று வண்டி சேர்ந்து வருவது அரிதாகிவிட்டது. முதல் வாரத்தில் நிமிஷம் சாரே கண்டக்டரம்மாவின் வண்டியில் ஏறிப் பார்த்தார். கடைத்தெருவில் வண்டி நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பின் சீட்டில் ஒருவர், "எதுக்கும்மா நிக்குது?" என்று எரிந்து விழுந்தார்.

"பின்னால ஒரு வண்டி வருதுங்க."

"வராட்டி?"

"வரும். அதுக்குள்ள கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க, இந்த சாரும் உக்காரட்டும்."

அவர் நகர்ந்தார். நிமிஷம் சார் உட்கார்ந்தார்.